ஆளுக்கொரு கிண்ணம்

டெக்சாஸின் சுகர் லேண்டில் நாங்கள் போகும் ஆலயத்தில் திருவிருந்து தட்டில் வரும். விரல்நுனி அளவுப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் திராட்சரசம், ஆளுக்கொன்று; குடித்ததும் கூடையில் போட்டுவிட வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது சகிக்கவில்லை. திருச்சியில் எங்கள் ஆலயத்தில் ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். டாக்டரும் ஆஸ்பத்திரி கூட்டுகிற அம்மாவும் அதே விளிம்பில் வாய் வைப்பார்கள். "நம்ம சபையில சாதி கிடையாது, ஒரே பாத்திரம்" என்று மகள் ரூத்திடம் எத்தனையோ முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மாத விசாவில் அப்பா வந்திருந்தார். எங்கள் சபைக்கு முன்னோடியான ஜெர்மன் சீர்திருத்தவாதியின் படம் திருச்சி வீட்டுக் கூடத்தில் எப்போதும் உண்டு. அவருக்கு இங்கே டெக்சாஸிலேயே ஒரு நினைவு அருங்காட்சியகமும் ஆய்வு நூலகமும் இருப்பது தெரிந்ததும் மூவரும் கிளம்பினோம். வாசலிலேயே அப்பா ஷூவைக் கழற்றினார். பதறிப்போன நூலகப் பெண்மணி, கால் வலிக்கிறதா, வீல்சேர் வேண்டுமா என்று கேட்டார்.

பழைய வேதாகமங்களைக் காட்டிக்கொண்டே அவர் சொன்னார்: அந்தக் காலத்தில் திருவிருந்தில் மக்களுக்கு அப்பம் மட்டும்தான், ரசத்தைக் குருமார்களே குடிப்பார்கள், பாத்திரம் எல்லோருக்கும் உரியது என்று மல்லுக்கு நின்றவர் இந்தச் சீர்திருத்தவாதி. அப்பா பெருமையாகத் தலையாட்டினார். நாங்கள் தமிழர்கள் என்று அறிந்ததும் அந்த அம்மாளுக்கு ஒரே உற்சாகம். உங்கள் நாட்டிலிருந்து வந்தவையும் இருக்கின்றன என்று ஒரு கண்ணாடிப் பேழைக்கு அழைத்துப்போனார். உள்ளே பெரிதும் சிறிதுமாக இரண்டு வெள்ளிப் பாத்திரங்கள். இரண்டிலும் 'எல்லாருக்கும்' என்று தமிழில் பொறித்திருந்தது. பெரியது பண்டிகைக்கு, சிறியது சாதாரண நாளுக்கு என்றது கீழே இருந்த குறிப்பு.

"தப்பு," என்றார் அப்பா. "பெருசு ஊர்த்தெருவுக்கு. சின்னது சேரிக்கு. எங்க கிராமத்துலயும் இப்படித்தான் ரெண்டு இருந்துச்சு. அவங்க குடிச்சு முடிச்சப்புறம்தான் நம்மளுத எடுப்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீக்கடை இரட்டைக் குவளை எனக்குத் தெரியும். நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதும் தெரியும். ஆனால் பீடத்திலுமா? அதுவும் எங்கள் பீடத்திலா? "ஏன்ப்பா இத்தனை வருஷமா சொல்லல?" என்றேன்.

"சொல்லி என்னப்பா பண்றது? அதுக்காகத்தானே திருச்சிக்கே வந்தேன். நீயாவது ஒரே பாத்திரத்துல குடிக்கணும்னு."

வேலைக்காகத் திருச்சிக்கு வந்தோம் என்றுதான் அதுவரை சொல்லிவைத்திருந்தார். அப்பாவின் விரல் சிறிய பாத்திரத்தை நோக்கி நீண்டிருந்ததைப் பார்த்த பெண்மணி, உங்கள் ஊருடையதா, எவ்வளவு அற்புதம் என்று கைதட்டி, போட்டோ எடுக்கப் போனை நீட்டினார். முந்திக்கொண்டு பேசியது ரூத்தான்.

"நோ, தாத்தா சேஸ் த லேபிள் இஸ் ராங்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "யூ டோல்ட் மீ ஒன் கப், அப்பா. வாட்ஸ் சேரி?"

சேரி என்றால் என்ன, ஏன் இரண்டு பாத்திரம் என்று இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். போனைத் தாழ்த்திய பெண்மணி, வருஷக்கணக்காக எல்லோருக்கும் தவறாகச் சொல்லிவந்தேனே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரூத் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், என்னைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஃப்ரீவேயில் அப்பாதான் ஆரம்பித்தார்.

"இங்க குடுக்குற பிளாஸ்டிக் கிண்ணம் எனக்குப் பிடிச்சிருக்குப்பா. எல்லாத்துக்கும் ஒரே அளவு."

அடுத்த ஞாயிறு தட்டு வந்தது. அப்பா எடுத்தார், ரூத் எடுத்தாள். என் கை மட்டும் தயங்கியது. திருச்சிப் பாத்திரத்தின் சில்லென்ற விளிம்பு இன்னும் என் உதட்டில் இருக்கிறது. அதை எனக்குத் தர அப்பா ஓர் ஊரை விட்டு வந்தார். நான் அந்தத் திருச்சியையும் விட்டு வந்துவிட்டேன். எடுத்துக் குடித்தேன். காலிக் கிண்ணத்தைக் கூடையில் போட மனம் வரவில்லை. அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வீடுவரை வந்தேன்.