திரும்பி வந்த ஃபைலில் அவர் இல்லை

கொடைக்கானலில் வீட்டிலிருந்தே கார்ட்டூன் படங்களுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாக, வரைகிறேன். போன மழைக்காலத்தில் என் கணவர் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு வரைந்த முதல் கதையில், மன்னவனூர் பஸ் வருவதற்கு முன், காலி ரோட்டோரம் குல்லா போட்ட ஒருவர் நிற்பதாக ஒரு கட்டம் வரைந்தேன். அது அவர்தான். யாரிடமும் சொல்லவில்லை.

கட்டங்களை இசையோடு கோத்து ஓடவிடும் மதுரை எடிட்டர் வெட்டித் திருப்பி அனுப்பிய ஃபைலை என் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அங்கே வெட்டிய அந்தக் கட்டம் இங்கேயும் போய்விட்டது. இசையின் நீளம் குறையாமலிருக்க, முந்தைய கட்டத்திலிருந்த காலி ரோட்டை இழுத்து அந்த இடத்தை நிரப்பியிருந்தார்.

போன் செய்தேன். "அந்தக் குல்லாக்காரர் எங்க தம்பி?"

"கதையில அவருக்கு ஒரு சோலியும் இல்லையேக்கா. வேணும்னா திரும்பப் போட்டுரவா?"

ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் இடிக்கவில்லை.

"வேணாம் தம்பி. சரியாத்தான் இருக்கு."

அழுகை வரவில்லை. வீட்டிலும் அப்படித்தான், காலையில் பால் வருகிறது, சாயங்காலம் பனி இறங்குகிறது, எதுவும் இடிக்கவில்லை.

மறுபடி ஓட்டினேன். அவர் நிற்க வேண்டிய நேரம் முழுக்க ரோடு காலியாகக் கிடந்தது. பிறகு பஸ் வந்தது.