கோளாறே இல்லாத கிளட்ச்

இன்று ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வடக்குத்து ஊர் மண் மைதானத்துக்கு பைக் ரேஸ் பார்க்கப் போனேன்.

ஒவ்வொரு அணியிலும் உள்ளூர் புதுமுகம் ஒருவர் ஓட்டியே ஆக வேண்டும் என்பது இந்த லீக்கின் விதி. எங்கள் அணியின் புதுமுகம் என் மகள் செல்வி. வாசல் பேனரில் “இளம் திறமைகளை வளர்ப்போம்” என்ற வரிக்குக் கீழே அவள் படம்தான்.

முதல் ரேஸில் இரண்டாவதாக வந்தாள். வண்டியை விட்டு இறங்குவதற்குள் அணி மேனேஜர் வந்துவிட்டார்.

“அடுத்த ரேஸ்ல கிளட்ச் போச்சுன்னு ஓரமா நிறுத்திடும்மா. வண்டி ரிப்பேர்னா ரூல்படி உன் மீதி ரேஸை வெளியூர் ஆளை வெச்சு ஓட்டிக்கலாம்.”

“நல்லாத்தானேங்க ஓட்டிகினு இருக்கா?” என்றேன்.

“ரூலுக்கு ஒரு உள்ளூர் ஆளைக் காட்டணும், காட்டியாச்சு. கப்பு வேணாமாங்க?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். செல்வி என் கையைப் பிடித்தாள். “நிறுத்தலைன்னா அடுத்த வாரம் பேரையே எடுத்துடுவாங்கப்பா.”

நிறுத்தினாள். கோப்பையும் வந்தது. குரூப் போட்டோவில் அவளைத்தான் நடுவில் நிற்க வைத்தார்கள்.

பிறகு அதே வண்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்து எங்கள் குவார்ட்டர்ஸ் வீடு வரை ஓட்டி வந்தாள்.

மெக்கானிக் நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்: மேனேஜர் சொன்னால் மட்டும் போகிற கிளட்ச்சுக்கு எந்தக் கடையில் ஸ்பேர் கிடைக்கும்?