மூன்றாவது அலை

பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில், ஊதா மையில், நாற்பத்தொரு பக்கம். மூலையில் துளையிட்டு நாடாவால் கட்டியிருந்த அந்தத் தாள்களை மேடம் என் மேசையில் வைத்துவிட்டு, "ஓட்டிப் பாத்து சொல்லுங்க சார்" என்றார். காரைக்காலில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நாங்கள் இருவரும் கௌரவ விரிவுரையாளர்கள். ஒரே நெறியாளரிடம் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தோம். அவர் தாளில் கணக்குப் போடுவார். நான் கணினியில் அலைகளை ஓடவிட்டுப் பார்ப்பேன்.

சாதாரண அலை போகப் போகப் பரவிக் கரைந்துவிடும். தனியலை என்று ஒன்று உண்டு. அது உருக்குலையாமல் போகும். அப்படிப்பட்ட இரண்டு அலைகள் மோதிக்கொண்டாலும் ஒன்றையொன்று கடந்து பழைய உருவத்துடனேயே வெளியே வரும். முழுமையாகத் தீர்க்க முடிந்த வெகு சில சமன்பாடுகளுக்குத்தான் இந்தப் பேறு வாய்க்கும். இரண்டு அலைகளோடு நிறுத்திக்கொண்டால் போலிகளும் தேறிவிடும். மூன்றாவதையும் சேர்த்து மோதவிட்டால்தான் உண்மை தெரியும். புதிதாக ஓர் உறுப்பைச் சேர்த்துத் தான் எழுதிய சமன்பாடு மூன்றிலும் தேறிவிட்டது என்பதைத்தான் மேடம் நாற்பத்தொரு பக்கத்தில் நிறுவியிருந்தார். கணவர் வளைகுடாவில். தருமபுரத்து வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து, துடைத்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் நான்கு வருடமாகப் போட்ட கணக்கு அது. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் மூன்று மாதமே இருந்தது.

ஓட்டினேன். மூன்று அலைகளும் மோதி விலகின. பின்னால், மிஞ்சவே கூடாத சிற்றலைகள் மெல்லிய நடுக்கம்போல் மிஞ்சின. தவறு என் நிரலில்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். கணினி கணக்கிடும் கட்டங்களை இன்னும் பொடியாக்கி நான்கு நாள் திரும்பத் திரும்ப ஓட்டினேன். சிற்றலைகள் போகவில்லை. சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "மெஷின் தப்பு பண்ணாதா சார்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை நான் நாற்காலியில் உட்காருவதற்குள், "பதினேழாம் பக்கம் சார். ஒரு மைனஸ விட்டுட்டேன். நாலு வருசம்" என்றவர், வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் பாடம் நடத்தினார். அந்தப் பருவம் முடிந்ததும் கல்லூரியையும் ஆய்வையும் விட்டு விலகினார்.

அந்தச் சிற்றலைகளே நல்ல முடிவுதான், என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக்கிவிடலாம் என்றார் நெறியாளர். மேடத்துக்குப் போன் செய்து கேட்டேன். "எழுதிக்குங்க சார், யாருக்காச்சும் ஒதவட்டும்" என்றார். நன்றியுரையில் அவருக்கென்று ஒரு வரி எழுதியிருந்தேன். நெறியாளர் அதைப் படித்துவிட்டு, "சமன்பாடு அவங்களுதுன்னா இதுல உங்களுது என்னன்னு வைவால கேப்பாங்களே" என்றார். நீக்கச் சொல்லவில்லை. நான்தான் நீக்கினேன்.

பட்டம் கிடைத்ததும் ஒரு பிரதியோடு தருமபுரம் போனேன். மேடம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் புரட்டினார். நன்றியுரையில் நெறியாளர், முதல்வர், என் பெற்றோர், தட்டச்சு செய்து கொடுத்தவர் வரை எல்லோரும் இருந்தார்கள். அவர் விரல் வரிவரியாக இறங்கிக் கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்த அத்தியாயத்துக்குப் போனார்.

"கணக்கெல்லாம் சரியா வந்திருக்கா சார்?"

"வந்திருக்கு மேடம்."

"அப்ப சரி. இருங்க, டீ போட்டுட்டு வர்றேன்."

குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். எழுந்து வந்தேன்.

மாமியார் இறந்த பிறகு அவர் கணவரிடம் போய்விட்டார். அங்கே ஏதாவது கணக்குப் போடுகிறாரா என்று எனக்குத் தெரியாது. நான் இன்னும் கௌரவ விரிவுரையாளர்தான். ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி அழைப்பார்களா என்று காத்திருக்கிறேன். அந்த அத்தியாயத்தை இதுவரை யாரும் எடுத்தாண்டதாகத் தெரியவில்லை. என்றைக்காவது யாராவது எடுத்தாலும், சமன்பாடு என்னுடையது என்றுதான் நினைப்பார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் பிரதியில் இனி ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது.