ராயப்பனின் புறங்கை

தேநீர்க் குவளையைக் கையில் வாங்குமுன் ராயப்பன் அதன்மீது புறங்கையை வைத்துப் பார்ப்பார். இட்லிப் பானைக்கும், அண்டை வீட்டுக் குழந்தையின் நெற்றிக்கும், வெயிலில் நின்ற மிதிவண்டியின் இருக்கைக்கும் அதே சோதனைதான்.

எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். அனல்மின் நிலையத்தில், வெப்பம் கசியாதபடி நீராவிக் குழாய்களுக்குப் பஞ்சு மெத்தை சுற்றும் பிரிவின் ஃபோர்மேன். சுற்றி முடித்த குழாயையும் புறங்கையால் தொடுவார். சுட்டால், "இன்னொரு சுத்து போடுங்கய்யா" என்பார். கான்ட்ராக்ட் ஆட்கள் முனகினால், "சூட்ட வெளிய வுட்டுட்டு வேடிக்கை பாத்துக்கினு நிப்பீங்களா?" என்பார்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பம் அவருடையது. 'பெர்மனென்ட்' என்னும் சொல்லை இன்றும் குரலைத் தாழ்த்தியே சொல்வார். பொறியியல் முடித்த மகள் இளவேனில் அதே நிலையத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் பகுதியே மூழ்கிய பெருவெள்ளத்துக்கு அடுத்த கோடையில் அதைச் சொன்னார். "பூமியச் சூடாக்குற அந்தப் புகையில எனக்குப் பங்கு வேணாம்பா" என்று மகள் மறுத்துவிட்டாள். விண்ணப்பிக்க மறுநாளே கடைசி நாள்.

அன்று மாலை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ராயப்பன் வாதத்துக்கு ஆயத்தமாகவே வந்திருந்தார்.

"நானும் படிச்சுக்கினுதான் வந்திருக்கேன். தரைக்கிட்ட இருக்கிற கரியமில வாயுவே பூமி வுடுற சூட்டப் புடிச்சுக்குதாம். அதுக்குமேல எவ்ளோ பொகை போனா இன்னா? புடிக்க எதும் மிச்சமில்லியே."

"முதல் சுத்து மெத்தையே சூட்டப் பிடிக்குதுல்ல? ரெண்டாவது எதுக்குப்பா?"

"மொத சுத்துக்கு வெளியவும் சூடு வருமில்ல? மேல் தோலு ஆறுனாத்தான் வெளிய போற சூடு கொறையும்."

"வானத்துலயும் அதான்பா. பூமியோட சூடு அடுக்கடுக்கா மேல ஏறி, உச்சியில இருக்கிற வாயுவுலேர்ந்துதான் வெளிய போகுது. வாயு கூடக்கூட அந்த இடம் இன்னும் உயரத்துக்கு, இன்னும் குளிருக்குப் போயிடுது. குளிர்ந்த தோலு கம்மியாத்தான் வெளிய விடும். மிச்சச் சூடு நம்மகிட்டயே தங்கிடும்."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி சாமியம்மாள் குரல் கொடுத்தார்: "அப்பனும் பொண்ணும் வானத்துக்கே பூட்டீங்க. வூட்டுல கொழம்பு ஆறிக்கினு கெடக்குது."

யாரும் எழவில்லை. "ஃபாரம் போடட்டுமா, வேணாமாப்பா?" என்று இளவேனில் தணிந்த குரலில் கேட்டாள்.

ராயப்பன் எழுந்து வாசலுக்கு வந்தார். புகைபோக்கிகளுக்கு மேலே வானம் இன்னும் வெளுத்திருந்தது. அதை நோக்கிக் கையை உயர்த்திப் புறங்கையைத் திருப்பி, குழாயின் சூடு பார்ப்பவரைப்போல், அசையாமல் நின்றார்.