வரிசையில் நின்றவர்களின் மார்க்

மதுரையில் அந்தக் கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே, விண்ணப்பம் கொடுக்கும் வரிசையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. சீட் கிடைக்குமா என்று ஏன் காத்துக் கிடக்க வேண்டும்? இப்போதே கணக்குப் போட்டுவிடலாமே.

அப்பா திண்டுக்கல்லில் தானிய மண்டி வைத்திருந்தார். சோள மூட்டை வந்து இறங்கினால் யாரும் அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தூசியைச் சாக்கில் செருகி இழுத்தால் அதன் குழிவில் கொஞ்சம் தானியம் வரும். அதைப் பார்த்தே மொத்தத்துக்கும் விலை பேசிவிடுவார்கள். எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களை அப்படி வந்த தானியமாக வைத்துக்கொண்டு, "எம்புட்டு மார்க்கு?" என்று ஆள் ஆளாகக் கேட்டேன்.

"நீ யாருப்பா, பிரின்ஸ்பாலா?" என்றான் ஒருவன். ஆனாலும் சொன்னான். அநேகமாக எல்லோரும் எனக்குக் கீழே.

அந்தக் கணக்கு எனக்கு அவசரம். வேடசந்தூர் நூல் மில்லில் இருந்த மாமா எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். கல்லூரிப் பட்டியல் வரும்வரை மில் காத்திருக்காது. "எடம் உறுதின்னா படி. சந்தேகம்னா திங்கக்கெழம மில் பஸ்ல ஏறு. ரெண்டுங்கெட்டானா வீட்ல ஒக்காராத" என்று அப்பா தீர்த்துச் சொல்லியிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் என் வயதுப் பையன், வத்தலக்குண்டுக்காரன். அவனையும் நான் விடவில்லை. அதே கல்லூரிக்குத்தான் போட்டிருந்தான். மார்க் என்னைவிட நிறைய.

"வரிசைல உங்களப் பாக்கலையே?"

"நான் எதுக்கு நிக்கணும்? நல்ல மார்க்கு எடுத்தவங்க விண்ணப்பத்தையெல்லாம் ஹெட்மாஸ்டரே தபால்ல அனுப்பிட்டாரு. நான் பெரியப்பாவப் பாக்க வந்தேன்."

"எத்தன பேருக்கு?"

"எங்க ஸ்கூல்ல மட்டுமா கேக்குறீக?" என்று சிரித்தான்.

கொடைரோட்டில் அவன் இறங்கினான். அந்த இடத்தில் ஒருவர் பெரிய மூட்டையோடு உட்கார்ந்து என்னை ஜன்னலோடு நெருக்கினார். அப்போதுதான் உறைத்தது: மார்க் குறைந்து பயந்தவர்கள்தான் நேரில் வந்து வரிசையில் நின்றிருக்கிறோம். சாக்கின் ஒரே மூலையில் குத்திப் பார்த்து விலை சொல்கிறவனை எங்கள் மண்டியில் வாசற்படி ஏற விடமாட்டார்கள். மேலே, நடுவில், அடியில் என்று குத்த வேண்டும். நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்தது, எனக்கென்று வந்தபோது மறந்துவிட்டது.

உறுதி என்றால் பொய். சந்தேகம் என்றால் மில். பஸ்ஸோ என்னை நேராக அப்பாவிடம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"என்ன அப்பு, உறுதியா?" என்றார் அப்பா, சாக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்."

"நாளைக்கு மட்டும் என்ன தெரிஞ்சிரும்?"

"இன்னும் ரெண்டு எடத்துல குத்திப் பாக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "திங்கக்கெழம திங்கக்கெழமதான்" என்றார்.

காலை முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு. தபாலில் விண்ணப்பம் போனவர்களை ஊருக்குள் விசாரித்துத் தேடிப் பிடித்து மார்க் கேட்க வேண்டும். நேரம் இருந்தால், வரும் வழியில் நிலக்கோட்டையிலும்.