ஒன்பதாம் எண் வட்டு

கையேடு எழுதுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது. அவளுக்கு அது நன்றாகவே தெரியும். பதினோரு வருடம் துணி துவைக்கும் மெஷின் கம்பெனி ஒன்றின் உதவித் தொலைபேசியில் உட்கார்ந்திருந்தவள். "மெஷின் ஓடலைம்மா" என்பார்கள். "பிளக் போட்டிருக்கீங்களா?" என்பாள். அந்தப் பக்கம் பிளக்கைத் தேடிச் செருகுவார்கள். பிறகு மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். நன்றி சொல்லாமல் போனை வைத்துவிடுவார்கள்.

இப்போது அவள் வேலை பார்க்கும் கம்பெனி, முதியோர் இல்லங்களில் கட்டிலோரம் மாட்டும் பெட்டிகளைச் செய்கிறது. படுத்திருப்பவர் துணையில்லாமல் எழுந்தால் பெட்டி மணி அடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லும். யாரை எப்போது, எந்தப் பக்கம் என்ற விவரமெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஆள் மறந்தாலும் பெட்டி மறக்காது. பெட்டி செத்தால்தான் தொல்லை. புதுப் பெட்டி வரும்வரை பணியாட்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டு அலைய வேண்டும். புரட்டாமல் விட்ட முதுகு புண்ணாக இரண்டு நாள் போதும்.

ஆபீசில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'அப்புறம் அக்கா'. எஞ்சினியர்கள் எதையாவது விளக்கிவிட்டு நிறுத்தினால், பேனாவை எடுக்காமல் "அப்புறம்?" என்பாள். இன்னும் இரண்டு வாக்கியம் வரும். மறுபடியும் "அப்புறம்?" எதிராளிக்குத் தெரியாத இடம் வரும்வரை விடமாட்டாள். அந்த இடத்தில்தான் அவள் எழுதத் தொடங்குவாள்.

அவளுடைய கொழுந்தனும் அதே கம்பெனிதான். இல்லம் இல்லமாகப் போய்ப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன். குடும்பத்தோடு மாடியில் இருக்கிறான். ஒரு திங்கட்கிழமை காலை துணி காயப்போடப் போன இடத்தில் ஓரகத்தி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்க கொழுந்தன் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. போன மாசம் மூணு பெட்டியைச் சாகடிச்சிட்டாராம். இன்னும் ஒன்னு போச்சுன்னா ஸ்டோர் ரூம்ல உக்காந்து டப்பா எண்ணச் சொல்லிட்டாங்க."

"அவனா? ரெண்டு நாள்ல டப்பாக்களுக்கே காது வலிக்கும்."

"சிரிக்காதீங்க அக்கா. வர்ற வெள்ளிக்கிழமை நாப்பது பெட்டி இருக்காம், ஒரே இல்லத்துல."

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். கொழுந்தனுக்கு அந்தச் சுற்று வேலைதான் உயிர். போகிற இடத்திலெல்லாம் எந்தப் பெரியவருக்கு எந்த முட்டி வலிக்கிறது, எந்தப் பாட்டி யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நான்கு சுவருக்குள் அடைத்தால் வாடிப்போவான். துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"தம்பி, எதைப் பாத்துச் செஞ்சே?"

"மேனுவல்ல இருந்ததை அப்படியே அடிச்சேன் அண்ணி. ஒரு எழுத்து மாத்தலை. என்மேல என்ன தப்பு?"

"முழுப் பக்கமும் படிச்சியா?"

"முழுசும் எதுக்கு? சாம்பல் கட்டத்துக்குள்ள கமாண்ட் இருக்கே."

"கட்டத்துக்குக் கீழே?"

"கீழேயும் எழுதியிருக்கா?"

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டிப் பயனில்லாத வயது அவனுக்கு, முப்பத்தொன்பது. ஆபீசுக்குப் போனதும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அது அவள் எழுதியதல்ல. தாடி என்று எல்லோரும் கூப்பிடும் எஞ்சினியர், அவசரத்தில் எழுதிப்போட்டது. மொத்தம் நான்கு வரி, ஒரு சாம்பல் கட்டம், அதற்குக் கீழே எறும்பு சைசில் ஒரு குறிப்பு: 'வட்டின் எண் மாறலாம்.'

பிரிவின் தலைவியிடம் போய், அந்தப் பக்கத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்றார் அவர். தாடியின் மேஜைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இது பூட்லோடர் கமாண்ட் அக்கா. பெட்டியை ஆன் பண்ணதும் எல்லாத்துக்கும் முன்னாடி எந்திரிக்குமே, அந்தக் குட்டி புரோகிராம். அதுக்கிட்ட சொன்னா வட்டுல, அதாவது டேட்டா இருக்கிற டிஸ்க்ல, பார்ட்டிஷன் டேபிளை எழுதும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வட்டுல எந்தப் பகுதி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்கிற பட்டியல். வட்டோட தலைப்பக்கம் ஒன்னு, வால்பக்கம் ஒரு நகல். எழுதுன்னு சொன்னா ரெண்டையும் எழுதிடும்."

"ஏற்கெனவே அங்க ஒரு பட்டியல் இருந்தா?"

"போயிடும்."

"கேக்காமலேவா?"

"கேக்காது அக்கா. அதுக்கு வாயில்லை."

அவளுக்குப் பிடிபட்டது. ஆஸ்பத்திரி வார்டு வாசலில் எந்தக் கட்டிலில் யார் என்று ஒரு பலகை இருக்கும். அதை அழித்துவிட்டால் நோயாளிகள் ஒருவரும் எழுந்து ஓடிவிடப் போவதில்லை. ஆனால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவள் யாருக்குக் கொடுப்பாள்? பெட்டி செத்துப்போவது அப்படித்தான். உள்ளே எல்லாம் இருக்கிறது, எங்கே என்று அதற்குத் தெரியவில்லை.

பழைய மாடல் பெட்டி ஒன்று, புது மாடல் ஒன்று, இரண்டையும் வாங்கிக்கொண்டு அவள் இரண்டு நாள் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஒரு கார்டைப் பெட்டியில் செருகி, அந்தக் கார்டில் டேபிளை எழுதி, புதிய மென்பொருளை அதில் ஏற்ற வேண்டும். பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் வட்டைத் தொடவே கூடாது. செருகிய கார்டையும் பெட்டி ஒரு வட்டாகவே எண்ணும். புது மாடலில் கார்டின் எண் பூஜ்யம், உள்வட்டு ஒன்று. பழைய மாடலில் பூஜ்யம் உள்வட்டு, கார்டு ஒன்று. தாடியின் மேஜையில் இருந்தது புது மாடல். அதனால் அவன் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தான். கொழுந்தன் போன இல்லத்தில் இருந்தவை பழைய மாடல். தாடியும் கொழுந்தனும் அவரவர் வரையில் சரியாகத்தான் செய்திருந்தார்கள். நடுவில் மூன்று பெட்டி செத்தது.

பூஜ்யம் என்று போட்டால் பழைய பெட்டி சாகும். ஒன்று என்று போட்டால் புதியது சாகும். எச்சரிக்கையைச் சிவப்பில் எழுதலாம், கட்டத்துக்கு மேலே எழுதலாம், மூன்று முறை எழுதலாம். கொழுந்தன் கட்டத்தை மட்டும்தான் பார்ப்பான். புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வழி தெரிந்தது. ஈரக் கையோடு வந்து கட்டத்துக்குள் ஒன்பது என்று அடித்தாள்.

தாடி படித்துவிட்டுக் குதித்தான்.

"அக்கா, ஒன்பதுன்னு வட்டே கிடையாது! அடிச்சா எர்ரர்தான் வரும்!"

"வரட்டும். எர்ரர் வந்தா எந்தப் பெட்டியும் சாகாது."

"உதாரணம்னா வேலை செய்யணும். வேலை செய்யாத உதாரணத்தை யாராவது மேனுவல்ல போடுவாங்களா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சிட்டுக் கீழே இருக்கிறதைப் படிப்பாங்கல்ல?"

விஷயம் தலைவியின் அறைக்குப் போனது. அவர் இரண்டு பக்கமும் கேட்டார், முடிவு சொல்லாமல் நெற்றியைத் தேய்த்தார். அவள் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"ஏம்ப்பா, நீ எழுதின பக்கத்தைப் பாத்து இதுல கார்டைத் தயார் பண்ணிக் காட்டு. மேடமும் பாக்கட்டும்."

"இவ்வளவுதானே?" தாடி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். தன் கட்டத்தில் இருந்ததை எடுத்து ஒட்டினான், தட்டினான், பெட்டியை அணைத்துப் போட்டான். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அணைத்துப் போட்டான். கறுப்புதான்.

"இது பழைய மாடலா?"

"பக்கவாட்டுல எழுதியிருக்கு."

"நான் பாக்கலையே அக்கா."

"அவனும் பாக்கலை."

தாடி தாடியைச் சொறிந்தான். "அக்கா, ஒருவேளை நிஜமாவே ஒன்பதாவது வட்டு வச்ச பெட்டி வந்தா?"

"பெட்டியைச் செய்யறது நீதானே? வைக்காதே."

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்பதே இருக்கட்டும். ஆனா வெள்ளிக்கிழமை வேலை நின்னுபோச்சுன்னா, இவர் எழுதின பழைய பக்கம்தான் திரும்பி வரும். சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை அவள் போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு, வேறொரு வேலை பார்ப்பது போல உட்கார்ந்திருந்தாள். பத்து இருபதுக்கு அடித்தது.

"அண்ணி! உங்க பக்கம் தப்பு!"

"என்ன ஆச்சு?"

"ஒன்பதாம் வட்டு இல்லைங்குது. பக்கத்துக் கட்டில் பெரியவர் வேற, 'உனக்கு வேலை தெரியுமா, இல்ல சும்மா வந்தியா'ன்னு கேக்குறாரு."

"பெட்டி உயிரோட இருக்கா?"

"இருக்கு, இருக்கு. உயிரோட இருந்துதானே என் மானத்தை வாங்குது."

"கட்டத்துக்குக் கீழே இருக்கிறதைச் சத்தமாப் படி."

அவன் பள்ளிக்கூடத்துப் பையன் போல இழுத்து இழுத்துப் படித்தான். "'மேலே உள்ள எண் எந்தப் பெட்டியிலும் இல்லை. முதலில் பட்டியல் கமாண்டைக் கொடுங்கள். இரண்டு வட்டு தெரியும். அளவில் சிறியதே கார்டு. அதன் எண்ணை ஒன்பதுக்குப் பதிலாகப் போடுங்கள்.' ஏன் அண்ணி, இதைக் கட்டத்துக்கு மேலே போட்டிருக்கலாமே?"

"மேலேயும் போட்டிருக்கேன்."

"ஓ."

"பட்டியல் என்ன சொல்லுது?"

"பெரிசு பூஜ்யம். சின்னது ஒன்னு."

"பழைய பக்கத்துல கட்டத்துக்குள்ள என்ன இருந்துச்சு?"

"பூஜ்யம்," என்றான் மெதுவாக. அவளுக்குத் தெரிந்து அவன் குரலைத் தாழ்த்திப் பேசியது அது இரண்டாவது முறை. முதல் முறை, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று.

"ஒன்னு போட்டு அடி. அப்புறம் சரிபார்க்கிற கமாண்ட். அது சரின்னு சொன்னாத்தான் அடுத்த கட்டிலுக்குப் போகணும்."

"சரின்னு வந்திருச்சு அண்ணி," என்றான் கொஞ்ச நேரம் கழித்து. பின்னால் பெரியவர் ஏதோ கேட்டார். "எல்லாம் நல்லா இருக்கு தாத்தா, எங்க அண்ணிதான் எழுதினாங்க" என்று அவன் சொல்வதும் கேட்டது. நான்கு மணிக்கு நாற்பதாவது பெட்டியும் முடிந்ததாகச் செய்தி அனுப்பினான். கூடவே மூன்றாவது கட்டில் பாட்டியின் பேத்திக்கு வேலை கிடைத்த விவரமும் வந்தது.

திங்கட்கிழமை தலைவியின் மேஜையில் ஏழு குறைப் படிவங்கள் இருந்தன. வெளியிடங்களுக்குப் போகும் பழுதுபார்ப்பவர்கள் மொத்தமே ஏழு பேர்தான். ஏழும் ஒரே குறை: உதாரணத்தில் உள்ள எண் வேலை செய்யவில்லை.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்றான் தாடி.

"ஏழு பேரும் படிக்காம அடிச்சிருக்காங்க," என்றார் தலைவி. "எத்தனை பெட்டி போச்சு?"

தாடி கம்ப்யூட்டரில் தேடினான். மேலே போனான், கீழே வந்தான். "ஒன்னுகூட இல்லை மேடம்."

"வேலை முடிச்சதுல பழைய மாடல் எத்தனை?"

"நூத்துப் பதினெட்டு."

தலைவி அடுத்த வாரச் சுற்றுப் பட்டியலை எடுத்தார். கொழுந்தனுக்கு இரண்டு இல்லங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்டோர் ரூம் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பிறகு குறைப் படிவங்களை அவள் பக்கம் தள்ளினார். "இதுக்கெல்லாம் நீங்கதான் பதில் எழுதணும்."

ஆறு படிவத்தில் 'வேண்டுமென்றே போட்டது, மாற்றப்படாது' என்று எழுதினாள். ஏழாவது கொழுந்தனுடையது. போனில் அவ்வளவு பேசியபிறகும் படிவத்தையும் நிரப்பி அனுப்பியிருந்தான்: 'மேனுவல் எழுதியவருக்கு வட்டுகளை எண்ணத் தெரியவில்லை. ஒருமுறை வந்து பார்த்துவிட்டு எழுதச் சொல்லவும்.'

அவள் பேனாவை வைத்துவிட்டு, மாடிவீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஓரகத்தி.

"அவன் அடுத்த வாரமும் சுற்றுக்குப் போறான்னு சொல்லு. போகும்போது நானும் ஒரு நாள் கூட வர்றேனாம். எழுத்து மூலமாக் கூப்பிட்டிருக்கான்."