கம்பிக்குப் பின்னால் வரும் தேர்

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை நின்றுபோனதால், முசிறிப் பக்கம் வாழைத்தார் வெட்டப் போகலாம் என்று ஸ்ரீரங்கம் வழியாக நடந்துகொண்டிருந்தேன். சித்திரை வீதியில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் புதைப்பதற்காக சூப்பர்வைசர் ஒருவர் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறங்கியது. டீக்கடைக்காரர் சொல்ல, நான்தான் அதில் டீயை வைத்தேன். மேலே நெற்றி நிறையத் திருமண்ணோடு நாற்பது வயதுக்காரர் ஒருவர். ஜன்னலை மறைத்த மின்கம்பிகளில் உரசாமல் கூடையை நிதானமாக ஏற்றினார்.

"தேருக்குள்ள முடிச்சுடுவேளா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார். "தேர்ல பெருமாள் சரியா இந்த மாடி உயரத்துக்கு வரார். குறுக்கே போற கம்பியை அன்னிக்குக் கழட்டிடறா. ஓரத்துல போறது அப்படியே இருக்கு. திருமுகமே தெரியல."

"கீழ வந்து பாருங்களேன்" என்றேன்.

"கால் ரெண்டும் சம்மதிச்சா வரமாட்டேனா?" என்று சிரித்தார்.

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "தோண்ட ஆள் கெடச்சா முடிச்சிரலாம் சாமி. எவன் வரான்?"

மாடியிலிருந்தவர் கூடையிலிருந்து டீயை எடுத்துக்கொண்டார். தேர் அப்போதே வருவதுபோல, கம்பிகளின் இடுக்கு வழியாகக் காலி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளம் தோண்டுவது பல ஊர்களில் நான் பாதியில் விட்டு ஓடிய வேலை. மறுநாள் காலை அந்த ஜன்னலுக்குக் கீழே கடப்பாரை பிடித்தேன்.